பின்பக்கமாகச் சயாமுக்கு

மலாயாவில் உள்ள அத்தனை மேடுகளையும் பின்பக்கமாகவே ஏறிய ஒரே மனிதன் கோஸ்தான்தான். வண்டியைப் பின்னால் எடுப்பதற்கு எங்கள் ஊரில் கோஸ்தான் என்பார்கள். அதுவே அவன் பெயராகிவிட்டது. அம்மா அப்பா வைத்த பெயர் அவனுக்கே மறந்திருக்கும்.

பிரிக்பீல்ட்ஸில், எங்கள் தெருவில், அவனுக்கு ஒரு பழைய வாடகைக் கார் இருந்தது. எண்ணெய்த் தொட்டி முன் சீட்டுக்கு அடியில். செங்குத்தான மேட்டில் மூக்கைத் தூக்கினால் எஞ்சினுக்கு எண்ணெய் இறங்காது, வண்டி மூச்சை விட்டுவிடும். ஆகவே மேட்டைக் கண்டதும் திருப்பி, பின்பக்கமாக ஏற்றுவான். மற்ற டிரைவர்களின் முதுகைப் பார்த்துக்கொண்டு போவோம். இவனோ கழுத்தைத் திருப்பி நம் முகத்துக்கு நேரே கதை பேசிக்கொண்டு வருவான். காரின் பின்பக்கத்திலும் திருநீற்றுப் பட்டை போட்டிருப்பான். கேட்டால், "சாமி எந்தப் பக்கம் நின்னு பாக்குதோ, யாரு கண்டா?" என்பான்.

ஒருமுறை கிள்ளானில் மேட்டு வீடு ஒன்றுக்குக் கல்யாணப் பெண்ணை ஏற்றிக்கொண்டு போனான். வாசலில் ஆலத்தித் தட்டோடு நின்ற மாமியார், காரின் பின்பக்கத்தைக் கண்டதும் அலறிவிட்டாள். "ஐயோ, பொண்ணு திரும்பிப் போகுதே!" கோஸ்தான் தலையை வெளியே நீட்டினான். "அழுவாதீங்க ஆத்தா! பொண்ணு வருது, காருதான் போகுது!"

அப்படிப்பட்டவனை நம்பித்தான் நான் சயாமுக்குப் புறப்பட்டேன். சயாம் எல்லைக்கு அப்பால் சடாவ் என்ற ஊரில் என் அக்கா இருந்தாள். எட்டு மாதக் கர்ப்பிணி. காய்ச்சல் இறங்கவில்லை, உடனே வா என்று அத்தான் தந்தி கொடுத்திருந்தார். நல்ல ஆஸ்பத்திரி எல்லைக்கு இந்தப் பக்கம் அலோர் ஸ்டாரில்தான். ரயில் அந்த ஊருக்குப் போகாது. கேட்ட டிரைவர்களெல்லாம் கையை விரித்தார்கள். கோஸ்தான் மட்டும் கதவைத் திறந்து, "ஏறுடா கிராணி" என்றான்.

நான் ரயில்வே ஆபீஸ் கிராணி, அதாவது குமாஸ்தா. துரை தும்மினால் எனக்குக் காய்ச்சல் வரும். எல்லை தாண்ட அனுமதி கேட்டால் வாரக்கணக்கில் இழுப்பார்கள் என்று, ஈப்போவில் கல்யாணம் என்று பொய் சொல்லி லீவு வாங்கியிருந்தேன். வழியெல்லாம் அக்காவை நினைத்துப் பாதி, துரையை நினைத்துப் பாதி என்று பயந்துகொண்டு போனேன்.

சயாம் சாவடி ஒரு மேட்டின் உச்சியில் இருந்தது. கோஸ்தான் வழக்கம்போல வண்டியைத் திருப்பினான்.

"இங்க வேண்டாம்டா!"

"வேற எப்படிடா ஏறுறது? தோள்ல தூக்கிட்டா?"

சாவடிக்காரர்கள் கண்ட காட்சி இதுதான்: மலாயாவைப் பார்த்தபடி ஒரு கார், அவர்கள் மூங்கில் தடுப்பை முட்டிக்கொண்டு நிற்கிறது. தலைவர் மலாய் மொழியில் உறுமினார். "எங்களுக்குத் தெரியாம எப்போ சயாமை விட்டுக் கிளம்புனீங்க?"

"நாங்க இன்னும் வரவே இல்லையே!" என்றான் கோஸ்தான்.

பின்பக்கமாக வருகிறவன் அபின் கடத்துகிறவன் என்று முடிவு செய்துவிட்டார்கள். அவனைப் பிடித்து நிறுத்திவிட்டு, தலைவர் என்னிடம் திரும்பினார். "இவன் உன் கூட்டாளியா?"

வழக்கு, விசாரணை, துரையின் முகம் எல்லாம் ஒரே நொடியில் என் கண்முன் வந்தன. "வாடகை வண்டி. இந்த ஆளை எனக்குத் தெரியாது" என்றேன்.

கோஸ்தான் என்னை ஒரு கணம் பார்த்தான். பிறகு அவரிடம், "ஆமா தொரை, இவரு வெறும் சவாரி. பாவம், அக்காவப் பாக்கப் போறாரு. அவர விடுங்க லா" என்றான்.

விட்டார்கள். நான் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

மறுநாள் அக்காவை மாட்டுவண்டியில் படுக்கவைத்து, அத்தானும் நானும் அதே மேட்டுக்கு வந்தோம். காய்ச்சலோடு இடுப்பு வலியும் சேர்ந்திருந்தது. அலோர் ஸ்டாருக்கு எப்படிப் போவது என்று எனக்குத் தெரியவில்லை. சாவடியில் கார் நின்றது. பின் சீட்டில் தன் வேட்டியை விரித்து வைத்துவிட்டு, கோஸ்தான் அரைக்கால் சட்டையோடு காவலர்களுடன் சோறு தின்றுகொண்டிருந்தான்.

"நேரா ஏத்திக் காட்டுன்னாங்க. பாதி மேட்டுல நின்னுருச்சு. அஞ்சு பேரும் தள்ளித் தள்ளி நாக்குத் தள்ளிட்டாங்க. அப்புறம்தான் நம்புனாங்க. உள்ள மட்டும் விடமாட்டோம், திரும்பிப் போன்னு நேத்தே சொல்லிட்டாங்க."

"அப்ப ஏண்டா போகல?"

"சவாரிய விட்டுட்டு எப்படிப் போறது?" என்றான். "அக்காவ ஏத்து."

அலோர் ஸ்டாரில் அன்று மாலையே பெண் குழந்தை பிறந்தது. அக்காவும் பிழைத்தாள். ஆஸ்பத்திரி வாசலில் நான், "கோஸ்தான், நேத்து அங்க நான்..." என்று தொடங்கினேன்.

"வாய மூடுடா. மாமன் ஆயிட்ட, போயி எல்லாருக்கும் குடுக்கச் சக்கரை வாங்கிட்டு வா."

பிரிக்பீல்ட்ஸுக்குத் திரும்பியதும், கிராணி இங்கிலீஷில் சண்டை போட்டுத் தன்னைச் சயாம்காரனிடமிருந்து மீட்டதாகத் தெரு முழுக்கச் சொன்னான். சொல்லச் சொல்ல என் வீரம் வளர்ந்தது. கடைசியில் துப்பாக்கியைக்கூட நான் பிடுங்கினேன். அவன் சொன்ன போதெல்லாம் நான் பக்கத்தில் நின்று சிரித்தேன். மறுத்ததில்லை.

அவன் செத்துப்போய்ப் பல வருஷமாகிவிட்டது. அக்கா மகளுக்கும் அந்தக் கதைதான் தெரியும். அவளை இன்று வரச் சொல்லியிருக்கிறேன், அவன் யார் என்று சொல்வதற்கு.