தம்பி கடை வெப்சைட்டுக்கு எத்தனை நட்சத்திரம்?

அன்பும் அடக்கமும் ஒருங்கே அமைந்த என் தம்பிக்கு, அண்ணன் எழுதுவது. இங்கு நானும் உன் அண்ணியும் நலம். அங்கு நீயும், உன் குடும்பமும், உன் திரைச்சீலைக் கடையும், குறிப்பாக எல்லோரும் வாய் ஓயாமல் புகழும் உன் புதிய வெப்சைட்டும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

எனக்குப் பொறாமை என்று யாராவது சொன்னால் நம்பாதே. வயிற்றெரிச்சல் உண்மைதான், அதற்கு மருந்து சாப்பிடுகிறேன். ஆனாலும் கேட்கிறேன்: நானும் திரைச்சீலைக் கடைதான் வைத்திருக்கிறேன், வெப்சைட் வடிவமைக்கப் படித்தவள் என் பெண், அவள் செய்த வெப்சைட் மட்டும் உன் கடைக்கா?

முதலில் எனக்குத்தான் செய்ய வந்தாள். "இது யாருக்காகப்பா?" என்றாள். "இதென்ன கேள்வி, எனக்காகத்தான்" என்றேன். ஒரு மாதிரி பார்த்தாள். அவள் செய்த பக்கம் மொட்டையாக இருந்ததால் என் போட்டோவைப் பெரிதாகப் போடச் சொன்னேன், கடை வரலாறு போடச் சொன்னேன், ஒரு திரை மெல்ல மெல்ல விலகி அதுக்குப் பின்னாடிதான் கடை தெரியணும்னு சொன்னேன், அழகா இல்லையா, நீயே சொல்லு. சோதிச்சுப் பார்க்கலாம்னு அவ பக்கத்து மருந்துக்கடை அம்மாவைக் கூட்டிட்டு வந்து, "படுக்கையறைக்கு ஒரு திரைச்சீலை வாங்குங்க"ன்னு சொல்லிட்டு, என்னை வாயைத் திறக்காம பின்னாடி உட்காரச் சொன்னா. அந்தம்மா திரை விலகுற வரைக்கும் பொறுக்காம, "கடை இன்னும் திறக்கலை போல"ன்னு எழுந்துட்டாங்க. எனக்கு வந்துச்சே கோபம்! மவுஸைப் பிடுங்கி, "இப்படி வாங்கணும்மா!"ன்னு காட்டினேன். "வாங்க வர்ற ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் போய் மவுஸைப் பிடுங்குவீங்களாப்பா?"ன்னு கேட்டா. அந்தம்மாவுக்குத்தான் விவரம் பத்தலைன்னேன். அவ என் போட்டோவை எடுத்தா, நான் திரும்பப் போட வெச்சேன். லேப்டாப்பை மூடிட்டு நேரா உன்கிட்ட வந்துட்டா.

நீ என்னடா பண்ணே? சும்மா உட்கார்ந்திருந்தே. சின்ன வயசுலேர்ந்து உன் வேலையே அதுதானே! நான் கத்திக் கத்திக் கேட்டதெல்லாம் நீ வாயைத் திறக்காமலே உன் தட்டுக்கு வரும். இப்ப என் பொண்ணும் வார்த்தைக்கு வார்த்தை "சித்தப்பா, சித்தப்பா"ங்கறா. அதுதான்டா என்னால தாங்க முடியலை. இதுல உன் அண்ணி, திரைச்சீலைக் கடைக்கு மேல்மாடியில குடியிருந்துக்கிட்டு, "எவ்வளவு சுலபமா இருக்கு"ன்னு உன் வெப்சைட்ல திரைச்சீலை வாங்கறா!

அதான் இன்னிக்கு உன் வெப்சைட்டைக் கிழிச்சுத் தொங்கவிடணும்னு உட்கார்ந்தேன். கண்ணாடியைத் தேடினேன், கிடைக்கலை. எழுத்து பெரிசா இருந்ததால தேவைப்படவும் இல்லை, அதுவே எரிச்சல். ஜன்னல் அகலத்தைப் போட்டேன். "இவ்வளவு அகலமா? சென்டிமீட்டரில் அளந்தீர்களா?"ன்னு பணிவாக் கேட்டுச்சு. தூக்கிவாரிப் போட்டுச்சு எனக்கு. எங்க வீட்டு ஜன்னலைச் சென்டிமீட்டர்ல அளந்து, அங்குலம்னு நினைச்சுத் துணி வெட்டி, சுவரையே மூடின ஆள் நான்தானே! அவசரத்துல தப்பான பட்டனை அழுத்தினேன். "பரவாயில்லை, மாற்றிக்கொள்ளலாம்"னுச்சு. இந்த வீட்ல யாரும் என்கிட்ட அப்படிச் சொன்னதில்லை.

உடனே பொண்ணுக்குப் போன் போட்டேன். "யாரும்மா இப்படியெல்லாம் தப்புப் பண்ணுவாங்க?"

"நீங்கதான்பா. செய்யறப்ப ஒரு ஆளை மனசுல வெச்சுக்கிட்டுதான் செய்யணும். சித்தப்பா வெப்சைட் முழுக்க உங்களைத்தான் வெச்சிருந்தேன். உங்களுக்கே கோபம் வராம வாங்க முடிஞ்சா, யார் வேணா வாங்கிடலாம்ல?"

போனை வெச்சுட்டேன். ஆகவே தம்பி, ரொம்ப ஆடாதே. கடைதான் உன்னுது, வெப்சைட் என்னுது. இனிமேல் யார் புகழ்ந்தாலும், "எங்க அண்ணனை மனசுல வெச்சுச் செஞ்சது"ன்னு சொல்லணும், ஆமா.

சகல வளமும் பெற்று, என்னைவிட ஒரே ஒரு படி கீழே, நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பி.கு.: இதை உன் வெப்சைட்டில் 'உங்கள் கருத்து' பெட்டியில்தான் எழுதியிருக்கிறேன். அனுப்பும் முன் எத்தனை நட்சத்திரம் என்று கேட்டது. ஒன்று போடத்தான் வந்தேன். ஐந்தை அழுத்தியதும், "கை தவறிவிட்டதா? மாற்றிக்கொள்ளலாம்" என்றது. வேண்டாம் என்று அழுத்திவிட்டேன்.