பொங்கிய டீசலும் மோட்டார் வைத்தியரும்

கண்ணுகளா, எங்கள் டிரை ஃபோர்க் ஊரில் எந்தப் பெரிய மனிதர் செத்தபோதும் அத்தனை வண்டிகள் வரிசை கட்டியதில்லை. டீசல் பங்கிலிருந்து தானியக் கிடங்கு வரை பிக்கப்புகள். எல்லாம் நோயாளிகள். ஒன்று கியர் மாறும்போது உதறும். இன்னொன்று மேட்டில் இரைச்சல் மட்டும் போடும், ஏறாது. எல்லாவற்றுக்கும் பொதுவாகத் தீராத தாகம். ஊற்ற ஊற்றக் குடிக்கும்.

வைத்தியர் வந்திருந்தார். பெயர் டெல்மர் க்ரௌஸ். 'மோட்டார் வைத்தியர்' என்ற பட்டத்தை அவருக்கு அவரே வழங்கிக்கொண்டிருந்தார். பானட்டைத் திறக்க மாட்டார். கையில் அழுக்குப் படுகிற வைத்தியம் மட்டமானதாம். மூடியிருக்கும் பானட்டின் மேல் காதை வைத்துக் கண்ணை மூடுவார். "மூச்சு முட்டுது, பாவம்," என்பார். அப்புறம் வண்டிக்கு அடியில் குனிந்து, டீசல் போகும் குழாயில் ஒரு காந்தத்தைக் கட்டுவார். செம்புக் கம்பி சுற்றி, தோல் பையில் வைத்துத் தைத்த காந்தம். ஒரு கொழுத்த கன்றின் விலை.

எங்கள் ஆட்களை ஏமாளிகள் என்று நினைத்துவிடாதீர்கள். காளை வாங்கப் போனால் அதன் விந்துவைக்கூடச் சோதித்த பிறகுதான் பணத்தை எடுப்பார்கள். ஆனால் வைத்தியர் நிரூபித்தல்லவா காட்டினார்! டேங்கை நிரப்பு, நீர்த்தொட்டிக் கோபுரம் வரை ஓட்டிவிட்டு வா, திரும்பவும் நிரப்பு. குடித்தது எவ்வளவு என்று பம்பு மீட்டரே சொல்லும். ஒரு கேலனுக்குப் பதினோரு மைல் ஓடிய வண்டி இருபது ஓடியது. மீட்டர் பொய் சொல்லுமா? சொல்லாது. அதனால் டீசல் ஊற்றும் நாசிலைப் பிடித்திருந்த கையை யாரும் பார்க்கவில்லை. அந்தக் கை எப்போதும் வைத்தியருடையதாகவே இருந்தது.

எங்கள் ஊர் ஆர்வல் டீட்ஸும் ஒரு காந்தம் கட்டிக்கொண்டான். அவன் பிக்கப்பில் கியர் வழுக்கிக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை அதே வண்டியில் ட்ரெய்லரை மாட்டி, வருஷம் முழுக்க வளர்த்த கன்றுகளை ஏற்றி, மலைக் கணவாயைத் தாண்டிச் சந்தைக்குப் போக வேண்டும். இறக்கத்தில் கியர் பிடிக்காவிட்டால் முதுகில் அத்தனை மாடும் சேர்ந்து தள்ளும். வைத்தியர் அதற்கும் வழி சொல்லியிருந்தார்: வழுக்கல் தானே அடங்கிவிடும், கியர் ஆயில் அளவு பார்க்கும் குச்சியை மட்டும் உருவக் கூடாது, உருவினால் காந்த சக்தி வெளியே போய்விடும்.

பக்கத்து சீட்டில் உட்காரப் போகிறவள் அவன் பெண்டாட்டி லுவெல்லா. தலைக்கு ஆபத்து வந்தால் மூளை வேலை செய்யும் என்பதற்கு அவளே சாட்சி. அந்தத் திங்களுக்கு முந்தைய சனிக்கிழமை பிக்கப்பை நேராக வரிசையின் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாள். பக்கத்தில் ஆர்வல் கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தான்.

போன வாரம் கட்டிய காந்தம் இன்னும் வேலை செய்கிறதா என்று எல்லோரும் பார்க்கட்டும், இன்னொரு தரம் சோதியுங்கள் என்றாள். வைத்தியருக்கு இதைவிட நல்ல விளம்பரம் கிடைக்குமா? நாசிலை மெல்ல அழுத்தி, நுரை அடங்கக் காத்திருந்து, மறுபடி ஊற்றி, கழுத்துவரை நிரப்பினார். லுவெல்லா ஓட்டிவிட்டு வந்தாள். இந்தத் தரம் அவர் விசையை ஒரே அழுத்தாக அழுத்தினார். டீசல் குமுறிப் பொங்கியது. 'டக்'கென்று பம்பு நின்றது.

"இருபது!" என்றார் வைத்தியர். கூட்டம் கைதட்டியது.

"இருபதேதான் டாக்டரே," என்றாள் லுவெல்லா. "ஆனா உங்க காந்தம் எங்க வீட்டு ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டியிருக்கு. நேத்தே கழட்டிட்டேன்."

ஆர்வலுக்கே அது புதுச் செய்தி. கூட்டத்தில் நின்ற கிழவர் சிரிலஸ் முழங்காலில் விழுந்து அடியில் எட்டிப் பார்த்தார். "குழாய் அம்மணமா நிக்குதுப்பா," என்றார்.

வைத்தியர் அசரவில்லை. "ஒருதரம் கட்டினா போதும் தங்கச்சி. சக்தி குழாய்ல ஊறிப் போயிருக்கும்."

"அப்ப இன்னொரு சொட்டுகூட இதுல இறங்காது, இல்லையா?" என்று கேட்டு, அவர் கையிலிருந்த நாசிலை வாங்கிக்கொண்டாள். நுரை அடங்கும்வரை நின்றாள். மெல்ல அழுத்தினாள். டீசல் இறங்கியது. கடகடவென்று இறங்கியது. மீட்டர் ஓட ஓட வைத்தியரின் இருபது மைல் கரைந்து, பழைய பதினொன்றில் வந்து நின்றது.

"பொங்குன பாலைப் பாத்து பாத்திரம் நெறைஞ்சுபோச்சுன்னு அடுப்பை அணைக்கிற ஆளுங்க நாம," என்றாள். "முதல்ல அடங்க விட்டு நெரப்புறாரு. திரும்பி வந்தா பொங்க விட்டு நிறுத்துறாரு. மைலேஜ் ஏறாம என்ன செய்யும்?"

பிறகு எஞ்சினை ஓட விட்டே பானட்டைத் தூக்கி, உருவக் கூடாத குச்சியை உருவினாள். வெளியே போனது சக்தி அல்ல, தீய்ந்த நாற்றம். சிவப்பாக இருக்க வேண்டிய ஆயில் காப்பிக் கசடு போல நுனியில் மட்டும் ஒட்டியிருந்தது. கியர் வழுக்கியதும் அதனால்தான், டீசல் வீணானதும் அதனால்தான். ஆர்வல் அதை முகர்ந்தான்.

"இதோடயா கணவாய்ல இறங்க இருந்தோம்?" என்றான்.

"நீ இறங்க இருந்த. நான் என் சீட்டுல காந்தத்தைத்தான் அனுப்பலாம்னு இருந்தேன்."

அதற்குள் சிரிலஸ் தவழ்ந்துபோய் வைத்தியரின் பிக்கப்புக்கு அடியிலும் பார்த்துவிட்டார். காந்தம் இல்லை. பானட்டைத் தூக்கிக் குச்சியை உருவிப் பார்த்தால், புத்தம்புது ஆயில், செக்கச்செவேலென்று. தன் வண்டிக்கு மட்டும் அவர் மட்டமான வைத்தியம் பார்த்திருந்தார்.

வாங்கிய பணத்தை அங்கேயே கக்க வைத்துத்தான் விட்டார்கள். திங்கட்கிழமை கன்றுகள் சிரிலஸ் வண்டியில் போயின. ஆர்வலின் கியர்பாக்ஸைப் பிரித்தபோது உள்ளே கிளட்ச் தட்டுகள் கரியாகக் கிடந்தன; முதல் இறக்கத்தைக்கூடத் தாங்கியிருக்காதாம்.

இருந்தாலும், வரிசையின் கடைசியில் நின்ற ஒருவர் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்: அந்தப் பெண் பிள்ளை கொஞ்சம் பொறுத்திருந்தால் அவர் முறை வந்திருக்குமாம்.

அவருக்குச் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன், கண்ணுகளா. யாராவது உங்கள் வண்டியின் மேல் காதை வைத்துக் கண்ணை மூடினால், அந்த நேரத்தில் நீங்கள் கண்ணைத் திறந்து அவர் வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள்.