கரி படாத சீடர்

பெரிய இடத்துச் சீடர் என்று ஓர் இனம் உண்டு. வாசகரே, நீங்கள் அவரைக் கட்டாயம் பார்த்திருக்கிறீர்கள். எந்த வித்தையானாலும் அதில் ஜில்லாவிலேயே சிறந்தவர் யார் என்று விசாரித்து, அவர் வாசலில் போய் நின்று, சிபாரிசு பிடித்து, வெற்றிலை பாக்கு வைத்து, எப்படியோ சேர்ந்துவிடுவார். சேர்ந்த பிறகு கற்றுக்கொள்வாரா? அது வேறு விஷயம். சேர்ந்தாயிற்று அல்லவா?

பாளையங்கோட்டைக் கச்சேரியில் குமாஸ்தாவாக இருந்த தேவசிகாமணி இந்த இனத்தின் திலகம். நாற்பது வயதில் தொந்தி தலைகாட்டியதும், உடம்பு கொஞ்சம் அசைய வேண்டும் என்றார் டாக்டர். தினமும் ஆற்றுப் பாலம் வரை நடந்திருக்கலாம். அவரோ மேலப்பாளையத்துக்குப் போய் அசன் மைதீன் வாத்தியாருடைய சிலம்பக் கூடத்தில் சேர்ந்தார். தெற்கத்திச் சீமையில் அதற்கு மிஞ்சிய கூடம் இல்லை. விடியுமுன் கம்பு சுழற்றிவிட்டுத் தறிக்கு ஓடுகிற வாலிபர்கள் நிறைந்த இடம். எத்தனையோ பேரை வேண்டாமென்று திருப்பி அனுப்பிய வாத்தியாருக்கு, கச்சேரியின் பெரிய அதிகாரி சொல்லியனுப்பிய இவரைத் திருப்பத் தைரியம் வரவில்லை.

அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம். ஜோடி சேர்ந்து ஆடும்போது கம்பு முனையில் கரியைக் குழைத்துத் தடவுவார்கள். அடி பட்ட இடத்தில் வெள்ளைச் சட்டையில் கரி ஒட்டும். யாரும் யாரையும் ஏமாற்ற முடியாது. ஆட்டம் முடிந்து அந்த வாலிபர்கள் நிற்கிறபோது அடுப்புச் சாம்பலில் புரண்ட பூனைகளைப் போல இருப்பார்கள். தேவசிகாமணி மட்டும் கஞ்சி போட்ட சட்டை மடிப்புக் கலையாமல் வீடு திரும்புவார். ஜோடிக்கு அழைத்தால் ஒரு நாள் தோளில் பிடிப்பு, ஒரு நாள் கச்சேரியில் தணிக்கை, மற்றொரு நாள் வெறுமனே வானிலை. ஆனால் ஓரத்தில் உட்கார்ந்து, “முழங்காலை இன்னும் மடக்கணும்லே” என்று பிறரைத் திருத்துவதில் ஒரு நாளும் தவறியதில்லை. கச்சேரியிலோ அவர் பேச்சு முழுவதும் ‘நம்ம கூடத்துல’ என்றுதான் ஆரம்பிக்கும்.

அவர் மனைவி பாக்கியவதி, துவைக்க எடுத்த சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஒரு தடவை கேட்டாள்: “கூடத்துக்குப் போறியளா, கோயிலுக்குப் போறியளா?”

மூன்று வருஷம் இப்படிப் போயிற்று. ஒரு சனிக்கிழமை, சாயங்கால ஆட்டமும் முடிந்த பிறகு, வாத்தியார் அவரைத் தனியே அழைத்தார். “ஐயா, தப்பா நினைக்கப்படாது. சேரன்மகாதேவியில ஒரு கூடம் இருக்கு. ரெண்டு வீச்சு வீசி, வேர்த்ததும் வீட்டுக்குப் போறவுகளுக்கு அதுதான் தோது. இங்கன உங்களுக்கும் சங்கடம், பயலுவளுக்கும் சங்கடம். நாளையிலேருந்து அங்கன போங்க.”

ஐயோ, அந்தக் கணத்தில் தேவசிகாமணியின் கண் முன்னே உலகம் இருண்டது. கம்பு போனால் போகட்டும். ‘நம்ம கூடம்’ போய்விடுமே! திங்கட்கிழமை கச்சேரியில் எந்த முகத்தோடு வாயைத் திறப்பது? போய் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார்.

அந்த நேரம் பார்த்து அம்பாசமுத்திரத்திலிருந்து அம்மையப்பன் வந்தான். ஊர் ஊராகப் போய்ப் பெரிய கூடங்களை வென்று வருகிறவன். அப்படிச் சவால் விட்டு வருகிறவன் யாரைக் காட்டினாலும் அவர் எழுந்து ஆட வேண்டும் என்பது வழக்கம். மறுத்தால் கூடமே தோற்றதாக அர்த்தம். அம்மையப்பன் வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தான். ஒருவன் தோளில் கரி. அடுத்தவன் விலாவில் கரி. தலைமைச் சீடன் மார்பிலேயே இரண்டு இடத்தில் கரி. ஓரத்தில் ஒரே ஒரு வெள்ளைச் சட்டை. அதன் முன்னே நின்றுவிட்டான்.

“இவுக யாரு?” என்று மெல்லக் கேட்டான்.

வாத்தியார் பொய் சொல்லிப் பழகாதவர். “மூணு வருஷமா இருக்காக. இன்னைக்கு வரைக்கும் அவுக மேல ஒரு கம்பும் பட்டது இல்ல” என்றார்.

“அப்ப இவுகளோடதான் ஆடணும்.”

தேவசிகாமணிக்கு எழுந்து ஓடத்தான் ஆசை. வழியை மறித்து அவன் அல்லவா நிற்கிறான்? கண்ணை மூடி, கைகளைக் கட்டிக்கொண்டு, தெரிந்த ஜெபங்களையெல்லாம் மனதுக்குள் சொல்ல ஆரம்பித்தார். அம்மையப்பன் காத்திருந்தான். எதிரே கம்போடு ஒருவன் நிற்கிறான். இந்த மனிதர் கண்ணைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. என்ன நெஞ்சழுத்தம்! கடைசியில் கம்பைத் தரையில் வைத்துக் கும்பிட்டான். “அண்ணாச்சி எந்திரிக்கிற அளவுக்கு நான் இன்னும் வளரல. வாறேன்” என்று போய்விட்டான். ஊருக்குப் போனவன் சும்மா இருந்தானா? அந்தக் கூடத்தில் கம்பே படாத ஒருவர் இருக்கிறார் என்று சொல்லாத இடமில்லை.

அன்று இரவு தேவசிகாமணி தூங்கவில்லை. வெட்கம். வாழ்க்கையில் முதல் தடவையாக உண்மையான வெட்கம். விடியுமுன் கூடத்துக்கு ஓடி, கம்பைக் கையில் எடுத்து, தன்னையும் ஜோடி சேர்க்கும்படி வாத்தியாரிடம் கெஞ்சினார்.

வாத்தியார் கம்பை மெல்ல வாங்கிச் சுவரில் சாய்த்தார். “இனிமே முடியாது ஐயா. சேரன்மகாதேவிக்கும் உங்கள விட முடியாது. உங்க சட்டையில ஒரு பொட்டுக் கரி ஒட்டிச்சுன்னா எங்கூடத்து மானம் போச்சு. அங்கன போய் உட்காருங்க.”

உட்கார்ந்தார். இன்னும் உட்கார்ந்திருக்கிறார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் சங்கீதமோ சமஸ்கிருதமோ நீங்களும் ஒரு பெரிய வித்வானிடம்தான் போய்க்கொண்டிருக்கிறீர்கள், இல்லையா? அவர் சமீப காலமாக உங்களை ஒரு தப்புக்கும் கண்டிப்பதில்லை என்று பெருமையாகச் சொன்னீர்கள். ஏன் கண்டிப்பதில்லை என்று மட்டும் அவரிடம் கேட்டுவிடாதீர்கள்.