அத்தானின் தீவுத் திட்டம்

இதுவரை புதிய நிலங்களைக் கண்டுபிடித்தவர்கள் எல்லாரும் திட்டமே இல்லாமல் கப்பலேறிய அவசரக்காரர்கள். முறைப்படி கூட்டம் போட்டு ஒரு தீவை அணுகிய முதல் மனிதர் என் அத்தான்தான்.

அத்தான் ஒரு பெரிய நிறுவனத்தில் திட்டப் பிரிவு மேலாளர். என் அக்கா மருத்துவமனையில் அவசர சிகிச்சைப் பிரிவு நர்ஸ். நின்றுகொண்டே சாப்பிட்டு, நின்றுகொண்டே தூங்கப் பழகியவள். அவளுக்கு அபூர்வமாக ஒரு வாரம் லீவு கிடைத்தது. வெயிலும் நீலக் கடலுமாக ஏதாவது ஒரு தீவுக்குப் போய் வரலாமே என்று வாய்தவறிச் சொல்லிவிட்டாள்.

மறுநாளே சாப்பாட்டு மேசை 'தலைமையகம்' ஆயிற்று. பயணத்தின் நோக்கம் 'சாகசம் கலந்த ஓய்வு' என்று அத்தான் அறிவித்தார். சாகசத் துறையை அவரே ஏற்றார். ஓய்வுத் துறை அக்காவுக்கு. பள்ளிக்கூடம் போகும் மகளுக்கு 'இளைஞர் நலன்'. வேலைவெட்டி இல்லாமல் அவர்கள் வீட்டோடு இருந்த எனக்கு 'ஒருங்கிணைப்பாளர்' பதவி. அதுவரை எந்தப் பதவியும் என்னைச் சீண்டியதில்லை. நெகிழ்ந்துபோனேன்.

முதல் கூட்டத்தில் ஓய்வுத் துறையின் கருத்து கோரப்பட்டது.

"எனக்குத் தூங்கணும்," என்றாள் அக்கா.

"அது குறிக்கோள். வழிமுறை என்ன?" என்றார் அத்தான்.

"கண்ணை மூடிப்பேன்."

இதில் தெளிவு போதாது என்று விவகாரம் ஒத்திவைக்கப்பட்டது. ஒத்திவைத்த களைப்பில் எல்லாருக்கும் டீ தேவைப்பட்டது. ஓய்வுத் துறையே எழுந்து போய்ப் போட்டுக்கொண்டு வந்தது.

பிறகு ஒத்திகைகள். தீவில் மரங்களுக்கு நடுவே வலை ஊஞ்சலில் படுக்க வேண்டும் அல்லவா? அத்தான் ஜன்னல் கம்பிக்கும் பீரோவுக்கும் இடையே போர்வையைக் கட்டிப் படுத்துப் பார்த்தார். பீரோ அவரை நலம் விசாரிக்கக் கிளம்பி வந்தது. நல்லவேளையாகக் கட்டில் குறுக்கே நின்று தாங்கிக்கொண்டது. 'இடர் மேலாண்மை' வெற்றி என்று நான் அறிவித்தேன். மருத்துவமனையில் ஊராருக்கெல்லாம் கட்டுப் போட்டுவிட்டு வந்த அக்கா, வாசலில் செருப்பைக் கழற்றிய கையோடு அவர் நெற்றிக்கும் ஒரு கட்டுப் போட்டாள்.

ஆழ்கடல் பயிற்சி குளியலறையில் நடந்தது. மூச்சுக்குழாயை மாட்டிக்கொண்டு அத்தான் தண்ணீர் டிரம்மில் தலையை அமிழ்த்துவார். ஸ்கூல் பஸ் போய்விடும் என்று மகள் வெளியே கெஞ்சுவது அவர் காதில் விழாது. உள்ளேயிருந்து குமிழிகள் மட்டும் பதில் சொல்லும்.

கடைசிக் கூட்டத்தில் அக்கா மேசைமேல் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டாள். அனுமதியின்றி ஓய்வு தொடங்கப்பட்டதை அத்தான் கண்டித்தார்.

"இப்பவே தூங்கிட்டா அங்க போய் என்ன பண்ணுவ?" என்று எழுப்பினார்.

அக்கா அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சிரித்தாள். அதை ஒப்புதலாக எடுத்துக்கொண்டோம்.

புறப்படும் நாள் காலை கார் வந்து வாசலில் நின்றது. நிறைவாக ஒரு தடவை மூச்சுப் பயிற்சி செய்துவிடலாம் என்று அத்தான் குளியலறைக்குள் போனார். அக்கா கதவைத் தட்டினாள். குமிழிகள். மறுபடி தட்டினாள். மறுபடி குமிழிகள். டிரைவர் ஹாரன் அடித்தார். அக்கா பையை எடுத்துக்கொண்டாள். மகளும் தன் பையை எடுத்துக்கொண்டாள்.

"அத்தான் இல்லாம எப்படிக்கா?" என்று ஒருங்கிணைத்துப் பார்த்தேன்.

"நீ அவரைப் பார்த்துக்கோ," என்றாள். தூங்கும் நோயாளியின் அறையைச் சாத்துவதுபோல் வாசல் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனாள்.

நீர் சொட்டச் சொட்ட வெளியே வந்த அத்தான், கார் வந்ததா என்று கேட்டார். வந்தது, போயும் விட்டது என்றேன். உட்கார்ந்துவிட்டார்.

சாயங்காலம் அக்காவே போன் செய்தாள். பின்னால் அலைச் சத்தம். அத்தான் கோபப்படவில்லை, மேலாளர் அல்லவா, தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னேற்றத்தைக் கேட்டார்.

"ஓய்வு எப்ப ஆரம்பிச்சுது?"

"கார் தெருமுனை திரும்பினதும்."

"அப்ப சாகசம்?"



"அதை உங்ககூட இருந்த வருஷமெல்லாம் பண்ணிட்டேங்க."

திட்டத்தின் இரண்டு நோக்கங்களும் முழுமையாக நிறைவேறிவிட்டதற்காக அத்தானுக்குக் கைகொடுத்தேன். அதற்கு நாங்கள் இரண்டு பேரும் கூடப் போகாமல் இருந்தாலே போதும் என்பதுதான் எந்தக் கூட்டத்திலும் எங்களுக்குத் தோன்றவில்லை.