எட்டெழுத்துச் சித்தர்

பினாங்கில் ஆயர் ஈத்தாம் பாசாருக்கு எதிரே, மீன் வாடையும் லக்சா நூடுல்ஸ் வாடையும் கலந்து அடிக்கிற ஒரு கடைவீட்டு மாடியில் ஞானம் குடிவந்திருந்தது. வெள்ளிக்கிழமை மாலையானால் போதும், படிக்கட்டில் கால் வைக்க இடம் கிடைக்காது. நகர நடுவிலிருக்கும் கொம்தாரிலிருந்து வரும் பஸ்ஸில் பாதிப் பேர் அங்கேதான் இறங்கினார்கள். வங்கிக் கிளார்க்குகள், தொழிற்சாலை சூப்பர்வைசர்கள், வக்கீல் ஆபிஸ் டைப்பிஸ்டுகள், டை கட்டியவர்கள், டை கட்டியவர்களுக்குக் காடி ஓட்டுகிறவர்கள். அத்தனை பேரும் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். படிக்காதவன் ஏமாந்தால் பாவம், அறியாமை என்று விட்டுவிடலாம். இந்தக் கூட்டத்தை என்னவென்று சொல்வது?

உள்ளே வீற்றிருந்தவர் எண்ஞானி ஏரம்பமூர்த்தி சித்தர். ஆண்டு தொண்ணூற்றாறு. ஆபிஸ்களில் டைப்ரைட்டர் போய்க் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. மற்ற ஜோசியர்கள் இன்னும் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, இந்த மனிதர் மட்டும் காலத்தோடு நடந்தார்.

"பேருக்கு நியூமராலஜி பாத்து ஸ்பெல்லிங் மாத்துனியே, தெனம் காலைல அடிக்கிறியே பாஸ்வேர்ட், அதுக்குப் பாத்தியா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியில் பினாங்கு விழுந்தது.

பெயர், பிறந்த தேதி, ஆபிஸ் விலாசம், கம்ப்யூட்டரில் நுழைகிற பெயர் எல்லாம் சொல்லிவிட வேண்டும். சித்தர் விரல் விட்டு எண்ணி, மஞ்சள் தடவிய சீட்டில் ராசியான எட்டெழுத்தை எழுதித் தருவார். மனப்பாடம் ஆனதும் சீட்டைத் தண்ணீரில் கரைத்துவிட வேண்டும். வேறு யாரிடமும் சொல்லக் கூடாது, சொன்னால் பலிக்காது. பாதுகாப்பு விஷயத்தில் ஆள் அவ்வளவு கறார்.

கொஞ்ச நாள் கழித்துப் போனால் அடுத்த அதிசயம். சித்தர் திரைக்குப் பின்னால் தியானத்துக்குப் போவார். உள்ளேயிருந்து 'டுர்ர்ர், கீஈங், க்ர்ர்ஷ்' என்று ஒரு நாதம் எழும். கூட்டம் கையெடுத்துக் கும்பிடும். நாதம் அடங்கிச் சற்று நேரத்தில் சித்தர் வெளியே வந்து, உங்கள் ஆபிஸில் உங்களைப் பற்றி யார் என்ன நினைக்கிறார்கள் என்று புட்டுப் புட்டு வைப்பார். காணிக்கைத் தட்டு நிரம்பும்.

இந்தக் கூட்டத்தில் சேராத ஒருத்தி இருந்தாள். தவமணி. பீச் ஸ்ட்ரீட்டில் விநாசித்தம்பியின் கப்பல் சரக்குக் கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவள். கடிதம், காலண்டர், பேச்சுவார்த்தை எல்லாவற்றையும் ஆபிஸ் முழுக்க ஒரே இடத்தில் பகிர்ந்துகொள்ளும் மென்பொருளை அவள்தான் கொண்டுவந்து நிறுவினாள். அது ஓடுவது லினக்ஸில். உலகத்தின் பல மூலைகளில் இருப்பவர்கள் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், பிரித்துப் பாருங்கள், திருத்துங்கள் என்று விட்டிருந்த ஆதார மென்பொருள். விநாசித்தம்பிக்கு அதுவே முதல் உறுத்தல். "சும்மா குடுக்கிறான்னா ஏதோ இருக்குலா" என்பார்.

மாதம் ஒருமுறை எல்லாரும் பாஸ்வேர்டை மாற்ற வேண்டும் என்று சட்டம் போட்டவளும் தவமணிதான். பாதுகாப்புக்காகப் போட்டாள். அவள் போட்ட சட்டத்தில் முதலாளி உட்பட ஆபிஸே மாதம் தவறாமல் ஆயர் ஈத்தாமுக்கு பஸ் ஏறிக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியாது.

தெரிந்தது கிளார்க் வேலுவால். ஒரு நாள் முகம் வாடிப்போய் வந்து நின்றான்.

"அக்கா, என் லீவ் கெடைக்காதாம். மேனேஜர் மனசுல கறுப்பு இருக்குன்னு சாமி சொல்லிட்டாரு."

"எப்ப சொன்னாரு?"

"நேத்து சாயங்காலம்."

தவமணி கம்ப்யூட்டரில் பார்த்தாள். மேனேஜர் அந்த லீவை மறுத்துக் கடிதம் எழுதி, வேலுவின் கம்ப்யூட்டர் கடிதப் பெட்டிக்கு அனுப்பியது நேற்று மத்தியானம். வேலு அதை இன்னும் திறந்துகூடப் பார்க்கவில்லை.

"உன் பாஸ்வேர்ட் எங்கேருந்து வந்துச்சு, தம்பி?"

"அத சொல்லக் கூடாது அக்கா, பலிக்காது."

தவமணி உடனே இயந்திரத்தில் தேடிப் பார்த்தாள். வெளியிலிருந்து யாரோ போன் லைன் வழியாக, ஆபிஸ் ஆட்களின் பெயரிலேயே அடிக்கடி நுழைந்திருந்த தடம் கிடைத்தது. அந்த லைன் முதலாளி வீட்டிலிருந்தே கடிதம் பார்க்கட்டும் என்று போட்டது. முதலாளி ஒரு நாளும் பார்த்ததில்லை. ஆனால் அந்த போன் நம்பருக்கு ராசி இருக்கிறதா என்று மட்டும் ஆயர் ஈத்தாமில் கேட்டுவிட்டு வந்திருந்தார்.

அவள் ஓடிப்போய் முதலாளியிடம் சொல்ல நினைத்தாள். அதற்குள் முதலாளியே கூப்பிட்டார்.

"தவமணி, சாமி உன் மெஷினப் பத்தி ஒண்ணு சொன்னாரு. வெல குடுக்காம வந்த பொருளாம். பெத்தவன் பேரு தெரியாதாம். ஊரு பேரு தெரியாத ஆயிரம் பேரு கை வச்சதாம். தோஷமாம். அடுத்த திங்கக்கிழமை காலைல நல்ல நேரத்துல எடுத்துறணும். அவரோட சீடன் ஒருத்தன் வேற மெஷின் விக்கிறான்."

"அப்ப நான், பாஸ்?"

விநாசித்தம்பி மேசை மேலிருந்த பேனாவைத் தள்ளி வைத்தார். "நீ பட்டர்வொர்த் கோடவுனுக்குப் போயிரு. அங்கயும் ஆள் வேணும்."

மூட்டை எண்ணுகிற வேலை. தவமணி அந்த இயந்திரத்தை ஓட வைக்க எத்தனை சாயங்காலம் சோற்றை மறந்து உட்கார்ந்திருக்கிறாள். ஒரு சீட்டுக்காரன் மஞ்சள் தடவிய விரலால் அதைத் தூக்கி வெளியே போடுவதா? அழுகை வருவதற்கு முன்னால் கோபம் வந்துவிட்டது, நல்லவேளை. அழுதிருந்தால் அதற்கும் பரிகாரம் சொல்லியிருப்பார்கள். கண்டுபிடித்த தடத்தை அவர் முன்னால் வைத்தாள்.

"தோஷம் புடிச்ச மெஷின் சொல்றத நான் நம்பணுமா?" என்றார் முதலாளி.

வாதம் என்றால் இதுவல்லவா வாதம். தவமணி ஒரு மூச்சு இழுத்து விட்டாள்.

"மெஷின நம்ப வேணாம் பாஸ். சரக்கு இறக்கும்போது கப்பல்காரன் சொன்னான்னு கையெழுத்துப் போடுவீங்களா, பெட்டியத் தொறந்து பாப்பீங்களா?"

"தொறந்துதான் பாப்பேன்."

"அதே மாதிரி இவரையும் ஒருக்கா தொறந்து பாருங்க. கம்ப்யூட்டர்ல, நீங்க மட்டும் பாக்குற உங்க காலண்டர்ல ஒரு பச்சைப் பொய் எழுதுங்க. மனசுல ஒரு உண்மைய வச்சுக்குங்க. ரெண்டையும் யார்கிட்டயும் சொல்லாதீங்க, என்கிட்டயும்தான். வெள்ளிக்கிழமை போய்க் கேளுங்க. ஞானின்னா மனசத்தானே பாக்கணும்?"

"உண்மையச் சொல்லிட்டாருன்னா?"

"நானே மெஷினத் தூக்கிட்டு கோடவுனுக்குப் போயிடுறேன்."

விநாசித்தம்பி சம்மதித்தார். சித்தர் மேல் அவ்வளவு நம்பிக்கை அவருக்கு.

வெள்ளிக்கிழமை இருவரும் அவருடைய காடியில் போனார்கள். மாடியில் மூச்சு விட இடமில்லை. வேலு முன்வரிசையில் இருந்தான், லீவுக்குப் பரிகாரம் கேட்க. கணக்குப் பிரிவு வள்ளியம்மா நகர்ந்து தவமணிக்கு இடம் கொடுத்தாள். சித்தர் விநாசித்தம்பியைப் பார்த்துப் புன்னகைத்துவிட்டுத் திரைக்குள் போனார்.

டுர்ர்ர். கீஈங். க்ர்ர்ஷ்.

தவமணி வாயைப் பொத்திக்கொண்டாள். தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கம்ப்யூட்டர் போன் லைனில் இணையும்போது தினமும் அவள் கேட்கிற சத்தம் அது.

"சிரிக்காதடி," என்று வள்ளியம்மா விலாவில் இடித்தாள். "நாதம் எறங்குது."

"போன் லைன் எறங்குதுக்கா."

வள்ளியம்மா அவளை விட்டுச் சற்றுத் தள்ளி உட்கார்ந்துகொண்டாள். பாவம் ஒட்டிக்கொள்ளுமோ என்று பயம்.

சித்தர் வெளியே வந்து கண்ணை மூடினார். "விநாசித்தம்பி, பச்சையா ஒரு எடம் தெரியுது. மலைக்கு அந்தப் பக்கம். பாலிக் புலாவ்."

கூட்டம் வாயைப் பிளந்தது.

"மரத்துல முள்ளு முள்ளாத் தொங்குது. டுரியான் தோட்டம். கம்பெனிய சிங்கப்பூர்க்காரன்கிட்டத் தள்ளிட்டு, அந்தத் தோட்டத்த வாங்கிக்கிட்டுப் போயிரலாமான்னு உன் மனசு கெடந்து துடிக்குது. பொண்டாட்டிகிட்டகூட நீ சொல்லல."

வேலு முதலாளியைத் திரும்பிப் பார்த்தான். லீவு போய், இப்போது வேலையே போகிறதா என்று அவனுக்குக் கவலை.

விநாசித்தம்பியின் முகத்தில் ஈயாடவில்லை. டுரியான் காலத்தில் அந்தப் பழ வாடை தாங்காமல் மூக்கில் கைக்குட்டையோடு ஆபிஸுக்கு வருகிற மனிதர் அவர். மெல்லக் கேட்டார். "வேற ஏதாச்சும் தெரியுதா சாமி? மனசுக்குள்ள நல்லாப் பாருங்க."

"பாத்துட்டேன். வேற ஒண்ணுமில்ல. நெஞ்சு பூரா டுரியான்தான்."

"பூராவுமா?"

"பூரா."

விநாசித்தம்பி எழுந்து நின்றார். குரல் கரகரத்தது.

"புதன்கிழமை ஈப்போலேருந்து என் மக போன் பண்ணுனா. கல்யாணமாகி எத்தனையோ வருசம் கழிச்சு, இப்பத்தான் முழுகாம இருக்கா. அன்னையிலேருந்து எனக்குச் சோறு எறங்கல சாமி, சந்தோஷத்துல. நெஞ்சு பூரா அதுதான் இருக்கு. அது தெரியல உங்களுக்கு. இந்தத் தோட்டம் நேத்து நானே கம்ப்யூட்டர்ல எழுதுன பொய். அது மட்டும் தெரிஞ்சிருக்கு."

கீழே மீன் வெட்டுகிற சத்தம் கேட்டது.

சித்தர் கண்ணைத் திறந்தார். "சில சமயம் தேவதைங்க வெளையாடும்," என்றார்.

"இந்தத் தேவதைக்குப் பேரு மோடம், சாமி," என்று சொல்லிக்கொண்டே தவமணி எழுந்துபோய்த் திரையை இழுத்தாள்.

உள்ளே ஒரு கம்ப்யூட்டர். பக்கத்தில் சிவப்பு விளக்கு மினுக்கும் சின்னப் பெட்டி, அதிலிருந்து போன் கம்பி. கம்ப்யூட்டர் திரையில் விநாசித்தம்பியின் காலண்டர், பாலிக் புலாவ் தோட்டத்தோடு சேர்த்து. மோடம் என்கிற அந்தப் பெட்டிக்குச் சந்தனம் வைத்துக் குங்குமப் பொட்டும் இட்டிருந்தார். சோறு போடுகிற சாமியாயிற்றே.

"இப்பப் புரியுதா?" தவமணி கூட்டத்தைப் பார்த்துக் கேட்டாள். "உங்க வீட்டுச் சாவிய இவர்கிட்டயே செஞ்சு வாங்குனீங்க. இவரு உங்க வீட்டுக்குள்ள பூந்து பாத்துட்டு, உள்ள இன்னின்ன இருக்குன்னு உங்ககிட்டயே சொன்னாரு. அதுக்குத் தட்சணை வேற."

எல்லாரும் அவளைப் பார்த்த அந்த நேரத்தில் சித்தர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்படியில் இறங்கிவிட்டார். உலகத்து நடப்பையெல்லாம் திரைக்குப் பின்னாலிருந்து பார்த்தவருக்கு, கீழே மீன்காரர் அப்துல் காதர் அப்போதுதான் இறக்கி வைத்த ஐஸ் பெட்டி தெரியவில்லை. கெம்போங் மீன்களுக்கு நடுவே கிடந்தவரைப் போலீஸ் வந்துதான் தூக்கியது.

"என்ன இருந்தாலும் அவரு குடுத்த எட்டெழுத்துக்கு அப்புறம்தான் எனக்குச் சம்பளம் கூடுச்சு," என்று படியிறங்கும்போது வள்ளியம்மா முணுமுணுத்தாள். இரண்டு பேர் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அவர்களை என்ன செய்ய?

திங்கட்கிழமை காலை அந்த நல்ல நேரத்தில் யாரும் இயந்திரத்தைத் தூக்க வரவில்லை. விநாசித்தம்பி தவமணியின் அறை வாசலில் வந்து நின்றார். அதுவரை அந்த அறைக்குள் அவர் எட்டிப் பார்த்ததுகூடக் கிடையாது.

"கோடவுனுக்கு வேற ஆளப் பாத்துக்கிறேன். சும்மா கெடச்சதுன்னு கேவலமாப் பேசிட்டேன், மனசுல வச்சுக்காத."

"சும்மா கெடைக்கிறது பெருசில்ல பாஸ். உள்ள என்ன இருக்குன்னு யாரு வேணும்னாலும் தொறந்து பாக்கலாம். அதுதான் பெருசு. அவரு திரை போட்டு மூடி வச்சிருந்தாரு, அங்க போய் விழுந்து கும்பிட்டீங்க."

முதலாளி தலையை ஆட்டினார். நன்றாகப் புரிந்துவிட்டது என்பதுபோல ஆட்டினார். தவமணிக்கு மனம் நிறைந்தது. எல்லாருடைய பழைய பாஸ்வேர்டையும் அழித்துவிட்டு, ஆளாளுக்குப் புதிதாக ஒன்றை யோசித்து வரச் சொல்லி ஆபிஸ் முழுக்கக் கடிதம் அனுப்பினாள்.

பத்து நிமிஷத்தில் அவள் அறை வாசலில் வரிசை நின்றது. முன்னால் வேலு, அவன் பின்னால் வள்ளியம்மா, அவளுக்குப் பின்னால் மேனேஜர். விநாசித்தம்பி எல்லாரையும் விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"தவமணி, எனக்கு ஒண்ணு நீயே பாத்து எடுத்துக் குடும்மா. உன் கைதான் ராசியான கைன்னு வள்ளியம்மா சொல்லுது."

தவமணி அவரைப் பார்த்தாள். பின்னால் நின்ற வரிசையைப் பார்த்தாள். ஒருவர் கையில் வெற்றிலை பாக்குகூட இருந்தது.

"பாஸ், யோசிக்கிறதுக்கு ஆள் வைக்காதீங்க," என்றாள். "இந்த ஒரு வேலைக்கு வர்றவன், சம்பளத்தோட உங்க தலையையும் சேத்து எடுத்துக்கிட்டுப் போயிடுவான்."

சொல்லிவிட்டு எல்லார் முகத்துக்கும் எதிரே கதவைச் சாத்தினாள்.