செங்கோணத்தில் திரும்பாத தூசி

வியாழக்கிழமை, காலை பத்து மணி

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமியார் எழுதிக்கொள்வது. இருமலைத் தவிர இங்கே எல்லாரும் சௌக்கியம். எல்லாரும் என்பது நான் ஒருத்திதான். நீங்களும் என் மகளும் சுகமாக இருப்பதாகத் தொலைபேசியில் அறிந்தேன். அவள் சொன்ன குரலில் சுகம் தெரியவில்லை, ஆனாலும் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன்.

இந்தக் கடிதத்தின் நோக்கம் இரண்டு. ஒன்று, சென்ற மாதம் எட்டாம் தேதி என் மரவேலைக் கூடத்தில் நீங்கள் விட்டுப்போன பொருள்களைத் திருப்பி அனுப்புவது. இரும்பு அறுக்கும் ரம்பம் ஒன்று, ரசமட்டம் ஒன்று, பென்சில் ஒன்று (முனை மழுங்கியிருந்தது, சீவி வைத்திருக்கிறேன்), ஒய் இணைப்புகள் நான்கு அடங்கிய அட்டைப்பெட்டி ஒன்று. இரண்டாவது நோக்கம், கூடத்தை மூடிவிடுகிறேன் என்று தெரிவிப்பது. சனிக்கிழமை ஜன்னல் செய்கிற ஒருவர் வந்து மூன்று மெஷின்களையும் எடுத்துப்போகிறார். ஆகவே நீங்கள் இங்கே வர வேண்டிய அவசியம் இனி எழாது. என் மகளும் அந்தப் பேச்சை இனி எடுக்க வேண்டாம்.

நடந்ததில் பாதி உங்களுக்குத் தெரியும். ஆனாலும் முழுவதும் எழுத்தில் இருக்கட்டும். வாய்ப்பேச்சு ஆளுக்கு ஆள் மாறிவிடுகிறது.

உங்கள் மாமனார் காலமான மறுவருடம், அவருடைய காரை விற்றுவிட்டு, அது நின்ற கொட்டகையில் நான் மேசை ரம்பமும் இழைப்பு மெஷினும் தேய்ப்பு மெஷினும் வாங்கிப் போட்டபோது, அறுபத்து மூன்று வயதில் இது என்ன கூத்து என்று கேட்காத ஒரே ஆள் நீங்கள்தான். அதையும் இங்கே பதிவு செய்கிறேன். இந்த எட்டு வருடத்தில் நான் செய்த ஸ்டூல் எதுவும் ஆடியதில்லை. பக்கத்துத் தெரு நூலகத்தில் பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கப் பத்து ஸ்டூல் கேட்டிருக்கிறார்கள். நாலு முடிந்துவிட்டது, ஆறு இன்னும் கால் இல்லாமல் கிடக்கிறது. இந்த நிலைமையில்தான் டாக்டர் என் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, ஆறு வாரத்துக்குள் ஒன்று அந்த அறையை விட்டுத் தூசி வெளியே போக வேண்டும், இல்லாவிட்டால் நான் வெளியே போக வேண்டும் என்று சொன்னார். சொன்னதோடு விடாமல் சீட்டிலும் எழுதிக் கொடுத்தார். நான் தூசியை அனுப்பத் தீர்மானித்தேன். அதை உறிஞ்சும் மெஷினை வாங்கிப் போட்டேன், குழாய் இழுத்து இணைக்க நீங்கள் வந்தீர்கள்.

வரைபடம் நான் தயாராக வைத்திருந்தேன். பெரிய குழாய் சுவரோரமாக ஏழடி உயரத்தில் ஒரே நேராகப் போகும். அதிலிருந்து மூன்று மெஷினுக்கும் என் வேலை மேசைக்குமாக நாலு கிளைக்குழாய்கள் செங்குத்தாக இறங்கும். சேருகிற இடமெல்லாம் செங்கோணம், அதாவது ஆங்கில T எழுத்து வடிவத்து டீ இணைப்பு. கான்வென்டில் எங்களுக்கு வடிவியல் எடுத்த சிஸ்டர், கோடு ஒரு நூல் சாய்ந்தாலும் பக்கத்தையே கிழித்துவிடுவார். ஏழு வருடத்தில் நான் ஒரு பக்கம்கூட இழந்ததில்லை. நீங்கள் என் படத்தைப் பார்த்துத் தலையைச் சொறிந்துகொண்டு, ‘அத்தை, தூசி தண்ணி மாதிரி இல்ல. நேரா போய் முட்டினா அங்கேயே உட்கார்ந்துடும். கொஞ்சம் சாய்ச்சுக் கூட்டிட்டு வந்தாத்தான் கூடவே வரும்’ என்று சொல்லி, சாய்வாகச் சேருகிற அந்த ஒய் இணைப்புகளைப் பையிலிருந்து எடுத்தீர்கள். மூட்டுகளுக்குப் பசை போட வேண்டாம், செருகி ஒரு திருகு போட்டால் போதும், அடைத்துக்கொண்டால் கழற்ற வசதி என்றும் சொல்லி, பெரிய குழாயில் இரண்டு மூட்டுகளை அப்படியே செருகியும் காட்டினீர்கள். அப்போது நான், என் மகளும் மாடியில் குடியிருக்கிற ஓய்வுபெற்ற ரயில்வே கார்டும் பக்கத்தில் நிற்க, ‘சாக்கடைக்குக் குழாய் போடறவர் எனக்குக் கோணம் சொல்லித்தர வேண்டாம்’ என்றேன். நீங்கள் ‘சரிங்க அத்தை’ என்று சொல்லி, நான் திறந்து வைத்திருந்த பசை டப்பாவை மூடி, தண்ணீர் குடித்த தம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனீர்கள். தம்ளரைக் கழுவியிருக்க வேண்டாம். என் மகள் இன்றுவரை அதைத்தான் சொல்லிக்காட்டுகிறாள்.

அந்த வாக்கியத்தை நான் திரும்பப் பெறவில்லை. அது தெளிவாகவே இருந்தது. குறை என்றால் அதைக் கார்டு கேட்டதுதான். ஒன்பது வருடமாக அவரிடம் என் மாப்பிள்ளை நீர்வளத் துறையில் இருக்கிறார் என்று சொல்லி வைத்திருந்தேன். அவரும் எந்த அணைக்கட்டு என்று அவ்வப்போது கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு வேலையை நானே முடித்தேன். பத்து நாள் ஆயிற்று. மூலைமட்டம் பிடித்து, தூக்குக்குண்டு கட்டி, ஒரு மயிரிழை பிசகாமல் மாட்டினேன். நீங்கள் செருகி மட்டும் விட்டிருந்த மூட்டுகளையும், அரைகுறை வேலை எனக்கு ஆகாது என்பதால், கழற்றிப் பசை போட்டு ஒட்டினேன். டப்பாவில் ‘நிரந்தரம்’ என்று போட்டிருந்தது. எனக்கு அந்தச் சொல் பிடித்திருந்தது. வேலை நடக்காத மெஷினுக்குப் போகும் இழுப்பை அடைக்க ஒவ்வொரு கிளைக்கும் ஒரு தள்ளுக்கதவு உண்டல்லவா, அவற்றையும் ஏழடி உயரத்தில் ஒரே வரிசையாகப் பொருத்தினேன். ஒவ்வொரு தடவை திறக்கவும் மூடவும் ஏணி போட வேண்டியிருந்தது என்பது உண்மை. ஆனால் வாசலில் நின்று பார்த்தால் அணிவகுப்பு மாதிரி இருந்தது. சிஸ்டர் பார்த்திருந்தால் நூற்றுக்கு நூறு போட்டிருப்பார்.

முதல் நாள் ஓடவிட்டு, இழைப்பு மெஷினில் ஒரு பலகையைக் கொடுத்தேன். சீவல் எல்லாம் சர்ரென்று கிளைக்குழாயில் ஏறியது, எனக்குப் பெருமையாக இருந்தது, டீ வரைக்கும் ஏறியது, அங்கே முட்டியது, உட்கார்ந்தது. பின்னால் வந்தது அதன் மடியில் உட்கார்ந்தது. அதற்கும் பின்னால் வந்தது, வழி இல்லை என்று தெரிந்ததும் கீழே இறங்கி என் காலடியிலேயே கொட்டியது. சரி, மற்றக் குழாய்களில் இழுப்பு எப்படி இருக்கிறது என்று ஒரு காகிதத்தைக் காட்டிப் பார்ப்போம் என்று, வேலை அங்கியின் பையில் கைக்குக் கிடைத்த காகிதத்தை எடுத்து மூன்றாவது குழாயின் வாயருகே பிடித்தேன். இழுப்பு நன்றாகவே இருந்தது. காகிதம் போய்விட்டது. அது டாக்டரின் சீட்டு. டாக்டரின் உத்தரவு இப்போது மூன்றாவது டீயில் இருக்கிறது, அதன் பின்னால் தேய்ப்பு மெஷினின் மாவு முழுவதும் வரிசையில் நிற்கிறது. கழற்றி எடுக்கலாம் என்றால் நிரந்தரம்.

மரச்சுத்தியலால் தட்டிப் பார்த்தேன். கம்பியை விட்டுக் குத்திப் பார்த்தேன், கம்பியின் முனையும் உள்ளே தங்கிவிட்டது. சத்தம் கேட்டுக் கார்டு இறங்கி வந்து, மேலும் கீழும் பார்த்துவிட்டு, ‘முன்னால போக மாட்டேங்குதுன்னா பின்னால எடுத்துப் பார்க்கணும்மா, முப்பது வருஷம் நான் அதைத்தானே செஞ்சேன்’ என்றார். அதாவது உறிஞ்சுகிற வாயிலிருந்து குழாயைக் கழற்றி, அந்த மெஷின் காற்று விடுகிற வாயில் மாட்டினால், இழுப்பதற்குப் பதில் ஊதும், அடைப்பு வந்த வழியே திரும்பிப் போகும். நான் யோசித்தேன். தர்க்கத்தில் பிழை தெரியவில்லை. அவர் மூன்றாவது குழாயின் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டு, இன்னொரு கையில் கைக்குட்டையைத் தூக்கிப் பிடித்தார், சிக்னல் கொடுத்தார், நான் சுவிட்சைப் போட்டேன். அதுக்கப்புறம் நடந்ததை என்னால ஒழுங்கா எழுத முடியலை மாப்பிள்ளை. நாலு வாயிலிருந்தும் ஒரே நேரத்துல வந்துச்சு. கொட்டகைக்குள்ள பொழுது சாஞ்ச மாதிரி ஆயிடுச்சு. சுவிட்சைத் தேடி அணைச்சு, தூசி அடங்கிப் பார்த்தா, கார்டு நின்ன இடத்துல தேக்கு நிறத்துல ஒரு உருவம் நிக்குது, கைக்குட்டையை இன்னும் இறக்கலை. பதினேழு தும்மல், நான் எண்ணினேன். வார்னிஷ் பூசி ஈரமா வரிசையா வச்சிருந்த நாலு ஸ்டூலுக்கும் மேலெல்லாம் முடி முளைச்சுடுச்சு. எனக்கு இருமல் பிடிச்சு, ஏணியைப் பிடிச்சுக்கிட்டுத் தரையில உட்கார்ந்தவதான், கால் மணி நேரம் என் மூச்சு எனக்குச் சொந்தமா இல்லை. அவ்வளவுக்கும் அந்தச் சீட்டு மட்டும் வெளியே வரலை.

கார்டு எனக்குத் தண்ணீர் கொடுத்தார். தன் முகத்தைக்கூடத் துடைத்துக்கொள்ளாமல் என் ஏணியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, இது இனிமேல் மாடியில்தான் இருக்கும் என்றார். படியில் ஏறும்போது திரும்பி, ‘அம்மா, அந்த அணைக்கட்டுத் தம்பியைக் கூப்பிடுங்க’ என்றார். நான் வாய் கொப்பளிக்கப் போனேன். வாயில் தூசி இருந்தது.

அன்று சாயங்காலம் என் மகள் தொலைபேசியில் கூப்பிட்டாள். கார்டுதான் சொல்லியிருக்க வேண்டும். ரயிலில் இருந்தவருக்கு அடுத்த நிலையத்துக்குத் தகவல் சொல்லும் பழக்கம் போகவில்லை. ‘அவர் கோபமா எல்லாம் இல்லம்மா. நீ ஒரு வார்த்தை சொன்னாப் போதும்’ என்றாள். எல்லா வார்த்தையும்தான் சொல்லிவிட்டேனே என்றேன். ‘அதுதாம்மா பிரச்சினை’ என்று வைத்துவிட்டாள். வளர்த்த விதம் அப்படி, நான்தான் வளர்த்தேன்.

டாக்டர் சொன்ன ஆறு வாரம் வருகிற திங்களோடு முடிகிறது. தூசி போகவில்லை. ஆகவே நான் போகிறேன். ஜன்னல்காரர் நல்ல மனிதராகத் தெரிகிறார், மேசை ரம்பத்தைத் தொட்டுப் பார்த்த விதம் எனக்குப் பிடித்திருந்தது. நூலகத்துக்கும் சொல்லிவிடுவேன், பிள்ளைகள் இன்னும் கொஞ்ச நாள் தரையில் உட்காரட்டும். பகல் முழுவதும் இனி என்ன செய்வீர்கள் என்று யாரும் என்னைக் கேட்க வேண்டாம். நானே இன்னும் கேட்டுக்கொள்ளவில்லை.

உங்கள் வீட்டில் தண்ணீர் வர வேண்டிய இடத்தில் வரட்டும், நிற்க வேண்டிய இடத்தில் நிற்கட்டும். நீங்கள் இருவரும் எந்த ஒழுக்கும் அடைப்பும் இல்லாமல் நெடுங்காலம் வாழ வேண்டும் என்று மனமார ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மாமியார்

பி.கு. வெள்ளிக்கிழமை, மாலை. பொருள் பட்டியலில் ஒரு திருத்தம். ஒய் இணைப்புகள் நான்கு அல்ல, மூன்று. பொதி கட்டுவதற்காக அவற்றை எடுத்துத் துடைத்தபோது, பெட்டியின் அடியில் மடித்து வைத்த ஒரு காகிதம் இருந்தது. உங்கள் வரைபடம். தேதி ஏழு என்று போட்டிருக்கிறீர்கள். நீங்கள் இங்கே வந்தது எட்டு. என் படம் மேசைமேல் விரித்திருந்ததைப் பார்த்துவிட்டு, உங்களுடையதை எடுக்காமலே இருந்திருக்கிறீர்கள். மூலைமட்டம் வைத்துச் சரிபார்த்தேன். தள்ளுக்கதவுகள் நாலும் தரையிலிருந்து நாலடியில் இருக்கின்றன. பக்கத்தில் சின்ன எழுத்தில், ‘அத்தை உயரம் ஐந்தடி இரண்டு. ஏணி ஏறக் கூடாது. கைக்கு எட்டணும்’ என்று எழுதியிருக்கிறது.

கார்டிடம் போய் ஏணி கேட்டேன். ஒரு டீக்கு மட்டும்தான் என்று சொல்லிக் கொண்டுவந்து, கீழே நின்று பிடித்துக்கொண்டார். உங்கள் ரம்பத்தால் மூன்றாவது டீயை அறுத்து எடுத்தேன். டாக்டரின் உத்தரவு கிழியாமல் கிடைத்தது. அந்த இடத்தில் உங்கள் ஒய்யைச் செருகி, ஒரு திருகு மட்டும் போட்டேன். பசை போடவில்லை. கீழே இறங்கி ஒரு கை சீவலை அள்ளி நீட்டினேன். நீட்டிய கை அப்படியே இருக்க, சீவல் போய்விட்டது. அந்தக் கடைசியில், தூசி சேருகிற டிரம்மில் விழுந்த சத்தம் கேட்டது. இன்னொரு கையும் போட்டேன். தேவையில்லை, ஆனாலும் போட்டேன்.

ஜன்னல்காரருக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டார். என் மாப்பிள்ளை பிளம்பர், ஞாயிற்றுக்கிழமை அவர் வந்து குழாய் மாட்டுகிறார் என்றேன். கார்டு பக்கத்தில்தான் நின்றார். பிளம்பர் என்றே சொன்னேன்.

மேலே எழுதியதை அடித்துத் திருத்தவில்லை. அடித்தல் உள்ள கடிதத்தை நான் அனுப்புவதில்லை. பொதியும் அனுப்பவில்லை, கடிதத்தை மட்டும் கார்டு கொண்டுவந்து தருவார். ரம்பமும் ரசமட்டமும் பென்சிலும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. மிச்சம் மூன்றும் உங்கள் படத்தின்படியே இருக்கட்டும். தம்ளரை நான் கழுவிக்கொள்கிறேன். உங்கள் படத்தில் ஒரே ஒரு பிழை. என் உயரம் ஐந்தடி மூன்று. மற்றதெல்லாம் சரி.

மீண்டும் பி.கு. கதவு நிலையில் நிமிர்ந்து நின்றேன். தலைமேல் மூலைமட்டம் வைத்துக் கார்டு கோடு போட்டார். இரண்டு தடவை அளந்தோம். ஐந்தடி இரண்டுதான்.