இரண்டு பீட்டர்களும் ஒரு பந்தும்

தனியாக இருக்கிறவன் வீரனாக இருப்பது கஷ்டம். பயந்தால் ஒளிய ஒரு முதுகாவது வேண்டும். எழுபதுகளில் சிட்னியில் எனக்குக் கிடைத்த முதுகுகள் பதினான்கு. பதினைந்து பேர் ஆடும் ரக்பி அணியில் என்னைக் கழித்தால் மிச்சம் அவ்வளவுதான்.

கண்டியில் பள்ளிக்கூடத்துக்கு ரக்பி ஆடியவன் என்ற ஒரே தகுதியோடு வந்து இறங்கி, ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். வென்ட்வேர்த்வில்லில் சிவம் அண்ணையோடு ஓர் அறை. அவர் தன் பரீட்சைப் புத்தகத்தோடு பேசுவார், என்னோடு குறைவு. சனிக்கிழமை மதியம் கடைகளைப் பூட்டினால் திங்கள் வரை தெருவில் என் சப்பாத்துச் சத்தம்தான் எனக்குத் துணை. ஆட்டம் முடிந்து கிளப்பில் சாண்ட்விச் தட்டைச் சுற்றி நிற்கும்போது மட்டும் எங்கள் அணித் தலைவன் கிரெக் என் தோளில் ஓங்கி அடித்து, “ராஜ்!” என்பான். (ராசன் என்று சொல்ல அவனுக்கு நாக்கு வளையாது. கூப்பிட ஒருவன் இருந்தானே, அது போதாதா?)

அங்கே ரக்பி இரண்டு. பதினைந்து பேர் ஆட்டத்துக்குச் சம்பளம் கிடையாது. ஆனால் கிளப்பின் பெரிய மனிதர் யாராவது தன் கந்தோரில் ஒரு மேசை போட்டு உத்தியோகம் தருவார். எங்கள் கிளப் தலைவருடைய காப்புறுதிக் கந்தோரில் அடுத்த மேசை கிரெக்குக்கு என்று பேச்சு. பதின்மூன்று பேர் ஆட்டத்தில் சம்பளம் உண்டு, முழங்கால் இருக்கும்வரை. இரண்டு கூட்டமும் காணி வழக்குப் போட்ட சகோதரர்கள் மாதிரி. பதின்மூன்றில் ஒரு நாள் ஆடினாலும் போதும், ஆயுள் முழுக்கப் பதினைந்தின் படலைக்குள் வரக்கூடாது.

அந்தப் பதின்மூன்றுக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை புது ஆட்களைத் தேர்ந்தெடுக்க ஆட்டம் வைத்தார்கள்.

“விசரா, இப்ப சும்மா அடி வாங்கிறாய். அதையே சம்பளத்துக்கு வாங்கன்” என்றார் சிவம் அண்ணை.

“கிளப்பில தெரிஞ்சால் துரத்திப்போடுவாங்கள் அண்ணை.”

“பேரை மாத்திக் குடு. உன்னை ஆர் கண்டுபிடிக்கப் போகினம்?”

(சிட்னியில் இப்படி ஒரு மூஞ்சியோடு ரக்பி ஆடியவன் நான் ஒருவன்தான் என்பது இரண்டு அறிவாளிகளுக்கும் தோன்றவில்லை.)

பீட்டர் என்று பெயர் கொடுத்து இறங்கினேன். சிவம் அண்ணை குரங்குத் தொப்பியும் பிளாஸ்கில் தேத்தண்ணியுமாகக் கயிற்றோரம் நின்றார்.

ஆட்டம் தொடங்கியதுமே எங்கள் ஆள் ஒருவன் விழுந்தான். கண்டியில் எனக்குப் பழக்கியது இதுதான்: நம் ஆள் விழுந்தால் ஓடிப்போய் அவனுக்கு மேலால் குனிந்து தள்ளு, மற்றவர்கள் வந்து உன்னோடு சேர்ந்து தள்ளுவார்கள். பாய்ந்து போய்க் குனிந்தேன். தள்ளினேன். யாரும் வரவில்லை. பதின்மூன்றில் விழுந்தவன் தானே எழும்பி, பந்தைக் காலால் பின்னுக்கு உருட்ட வேண்டும். மற்றவர்கள் விலகி நிற்பார்கள். அந்தப் பாவி எழும்ப முடியாமல் எனக்குக் கீழே கிடந்து திட்டினான். நானோ கண்ணை மூடிக்கொண்டு, இதோ ஒரு தோள் வந்து முட்டும், இதோ வந்து முட்டும் என்று காத்திருந்தேன்.

நடுவர் விசில் ஊதிவிட்டுக் குனிந்து கேட்டார்: “என்ன தேடுறாய் மகனே? பல்லு விழுந்திட்டுதோ?”

அதோடு போயிருக்கும். சிவம் அண்ணை விடவில்லை. “டேய் ராசன்! ஏன்டா தனியக் குனிஞ்சு நிக்கிறாய்? எழும்பு, ராசன்!”

மைதானம் முழுக்கத் திரும்பியது. எதிரணியில் தோல் தொப்பியைப் புருவம் வரை இழுத்துவிட்டிருந்த ஒருவன் மட்டும் தலை குனிந்துகொண்டான். அந்தத் தோளை எனக்குத் தெரியும்.

“கிரெக்?”

“பீட்டர்” என்றான் பல்லைக் கடித்தபடி. “நீ?”

“நானும் பீட்டர்தான்.”

அதற்குப் பிறகு என் மூளை வேலை செய்யவில்லை. அவனை விழுத்தினால் கோபத்தில் கிளப்பில் சொல்லிவிடுவான், சொன்னால் சாண்ட்விச் தட்டும் இல்லை, ராஜும் இல்லை. கிரெக் பந்தோடு என் பக்கம் வந்தபோதெல்லாம் கல்யாண வீட்டு வாசலில் நிற்கிறவன் மாதிரி விலகி வழிவிட்டேன். அவன் புள்ளிகளாகக் குவித்தான். கயிற்றுக்கு அப்பால் நின்ற பெரியவர்கள் அவன் வேகத்தைப் பார்த்து வாய் பிளந்தார்கள். அன்றே அவனை ஒப்பந்தம் செய்தார்கள். என்னை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள், பணிவாகத்தான்.

கிரெக் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. கிளப்பில் அவன் பெயரைச் சொல்வதையே நிறுத்தினார்கள். அவனுக்கென்று வைத்திருந்த மேசை எனக்கு வந்தது. சனிக்கிழமை சாண்ட்விச் தட்டும் இருந்தது, முதுகுகளும் இருந்தன. என் தோளில் அடிக்க மட்டும் ஆள் இல்லை. ஒரு சனிக்கிழமை கிரெக் எங்கள் ஆட்டம் பார்க்க வந்தான். உள்ளே விடவில்லை. வேலிக்கு வெளியே மழையில் நின்றான். நான் வேலி இடுக்கால் ஒரு சாண்ட்விச்சை நீட்டினேன்.

மூன்று பருவத்தில் அவன் முழங்கால் போயிற்று. பிறகு பியர் லொறி ஓட்டினான். ஒவ்வொரு பொங்கலுக்கும் எங்கள் வீட்டுக்கு வருவான். என் கதிரையில் அமர்ந்து, காலை நீட்டி, என் பிள்ளைகளிடம் சொல்வான்: “உங்கட அப்பா ஒருக்கா என்னைப் பிடிச்சு விழுத்தியிருந்தால் இண்டைக்கு நான் காப்புறுதி மனேஜர்.”

“பந்தோட வந்த மனுசனைப் பிடிக்கேல்லை. ரீவி ரிமோட்டை மட்டும் பிடிச்சால் விடமாட்டார்” என்று குசினியிலிருந்து என் மனைவி.

எல்லாரும் சிரிப்பார்கள். நானும் உரக்கச் சிரிப்பேன். அது பகிடி இல்லை, ஒரு தடவை பிடித்திருந்தால் உண்மையிலேயே அவன் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றிருப்பான் என்பதை மட்டும் யாருக்கும் சொல்வதில்லை.